ஆம்புலன்ஸ்ல உயிர் போனா டெத் சர்டிபிகேட் யார் குடுக்கணும்? விஏஓ இல்லங்கறார், ஆஸ்பத்திரியும் இல்லங்குது

கரிசல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவுல ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவ, நீளமா போயிட்டா மன்னிக்கணும்.

அப்பா போன ஐப்பசி கடைசில தவறிட்டாங்க. ராத்திரி சாப்ட்டு படுத்தவரு ஒரு மணி வாக்குல நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்தாரு, ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு வண்டி வந்து ஏத்திட்டு டவுன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போறோம், பாதி தூரத்துலயே கையப் புடிச்சிருந்த எனக்கு தெரிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டர் பாத்துட்டு ஓபி சீட்டுல 'பிராட் டெட்'னு, அதாவது கொண்டு வர்றப்பவே உசுரு இல்லன்னு, ஒத்த வரி எழுதி நேரம் போட்டு கையெழுத்து போட்டாரு, ஏற்கனவே அங்கதான் இதயத்துக்கு மருந்து வாங்கிட்டு இருந்தாரு, பழைய சீட்டெல்லாம் கையில இருந்துச்சு, அதனால போஸ்ட்மார்ட்டம் எதுவும் வேணாம்னு சொல்லி விட்டுட்டாங்க. மறுநாள் சாயங்காலம் அடக்கம்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிச்சு விஏஓ ஆபீஸ் போனா, 'சாவு நம்ம ஊர் எல்லைக்குள்ள நடக்கலையேப்பா, ஆஸ்பத்திரில கேளு'ன்னாரு. ஆஸ்பத்திரில போனா கிளார்க் 'அட்மிஷனே போடல, உசுரு இங்க போகல, நாங்க எப்படி பதிவு பண்ண, உங்க ஊர்ல கேளுங்க'ன்னு அனுப்பிட்டாரு. இப்படியே மூணு நடை. நடுவுல எனக்கு வேலை, வெளியூர், பொங்கல், இப்ப பங்குனி வந்திருச்சு, அஞ்சு மாசம் ஆகப்போகுது. டெத் சர்டிபிகேட் இல்லாம வாரிசு சான்று இல்ல, அது இல்லாம பட்டா பேர் மாத்த முடியல, பேங்க்ல அவர் போட்டு வச்ச பணம் அப்படியே கிடக்கு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்க ஒருத்தர், 'வீட்லயே தூக்கத்துல இறந்துட்டார்னு எழுதிக் குடு, தேதியும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம், ரெண்டாயிரம் குடு நான் முடிச்சுத் தரேன்'ங்கறாரு. அம்மாவும் 'ஆமாடா எப்படியோ முடிஞ்சா சரி'ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. அதுவும் தேதிய மாத்தறது. திதி ஒரு நாள், சர்டிபிகேட்ல ஒரு நாளா?

கேள்வி ரெண்டு. ஒண்ணு, இது யாரோட வேலை? ரெண்டு, ஆதார்ல அட்ரஸ் எங்க ஊர், ரேஷன் கார்டு எங்க ஊர், அடக்கம் பண்ணதும் எங்க ஊர், அப்புறம் எங்க இறந்தா என்ன, ஏன் இப்படி ஒரு சட்டம்?

ஜாலிபாய்:
ப்ரோ முதல்ல ஆழ்ந்த இரங்கல். வீட்ல இறந்ததா போட்டு முடிச்சுருங்க, ஊர்ல பாதிப் பேர் அப்டிதான் பண்றாங்க, யார் வந்து பாக்கப் போறா. நேர்மையா இருக்கேன்னு போனா இன்னும் அஞ்சு மாசம் அலைவீங்க.

பழைய சானிடரி:
ஜாலிபாய் தம்பி, வந்து பாக்க ஆளே வேணாம், பேப்பரே பேசும். அத அப்புறம் சொல்றேன்.

கரிசல்காரன் தம்பி, அப்பா இறந்ததுக்கு வருத்தங்கள். நான் முனிசிபாலிட்டில சானிடரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன், பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர் என் மேசைல பல வருஷம் கிடந்துச்சு, அந்தத் தைரியத்துல எழுதறேன்.

உங்க கேஸுக்கு விதி தெளிவா இருக்கு, ரெண்டு ஆபீஸ்லயும் படிச்சுப் பாக்கலன்னுதான் தோணுது. 1969ல வந்த பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம்தான் நாடு முழுக்க. அதுல வீட்ல நடந்தா குடும்பத் தலைவர் சொல்லணும், ஆஸ்பத்திரில நடந்தா மருத்துவ அதிகாரி சொல்லணும், ஜெயில்ல நடந்தா ஜெயிலர், லாட்ஜ்ல நடந்தா லாட்ஜ நடத்துறவர், அநாதையா கிடக்கற குழந்தைன்னா ஸ்டேஷன் அதிகாரின்னு ஒவ்வொண்ணுக்கும் ஆள் போட்டு வச்சிருக்கான். ஓடுற வண்டில நடந்தா? அதுக்கும் விதில ஒரு வரி இருக்கு, வண்டிக்குப் பொறுப்பான ஆள், வண்டி முதல்ல எங்க நிக்குதோ அந்த இடத்துல தகவல் குடுக்கணும். வண்டின்னா எது எதுன்னு கூட பட்டியல் போட்டிருப்பான், விமானம், கப்பல், ரயில் பெட்டில ஆரம்பிச்சு மாட்டு வண்டி, ரிக்‌ஷா வரைக்கும் வரும். நான் முதல்ல படிச்சப்ப சிரிச்சேன், அப்புறம் ஒரு நாள் ரயில்ல இறந்த ஒரு பெரியவரோட மகன் என் மேசை முன்னாடி வந்து நின்னப்ப சிரிப்பு வரல.

ஆக உங்க வண்டி முதல்ல நின்ன இடம் ஆஸ்பத்திரி வாசல். அந்த ஆஸ்பத்திரி எந்த எல்லைல இருக்கோ அந்தப் பதிவாளர்தான் பதியணும். சில அரசு ஆஸ்பத்திரில உள்ளேயே பதிவாளர் இருப்பாரு, இல்லன்னா அந்த நகராட்சி சுகாதாரப் பிரிவு. 'அட்மிஷன் போடல'ங்கறது காரணமே இல்ல, அட்மிஷன் போட்டாதான் பதிவுன்னு எங்கயும் கிடையாது. உங்க விஏஓ சொன்னது பாதி சரி, அவர் எல்லை இல்லதான், ஆனா எங்க போகணும்னு சரியா சொல்லி அனுப்பிருக்கணும்.

இப்ப அந்த ரெண்டாயிரம் ரூபா யோசனை. வேண்டவே வேண்டாம் தம்பி. தெரிஞ்சே பொய்த் தகவல் குடுத்தா சட்டத்துல தண்டனை இருக்கு, அபராதம் பணமா பாத்தா பெருசு இல்ல, ஆனா பிரச்சன அது இல்ல. ஆம்புலன்ஸ் கூப்பிட்ட நேரம் அவங்க கணக்குல இருக்கு, ஓபி சீட்டுல டாக்டர் நேரம் போட்டுருக்காரு, மயான ரசீது இருக்கு. நாளைக்கு உங்க பங்காளி ஒருத்தர் சொத்துல கோர்ட்டுக்குப் போனா வக்கீல் முதல்ல எடுக்கறது இந்தத் தேதிதான். இறந்த தேதிக்கு அப்புறம் கையெழுத்து போட்ட பத்திரம், இறந்த தேதிக்கு முன்னாடி எடுத்த பணம்னு ஒவ்வொண்ணா வரும். பொய்யா ஒரு நாள் தள்ளிப் போட்டா உண்மையான பேப்பர் எல்லாம் பொய்யாயிரும்.

செய்ய வேண்டியது என்னன்னா, முதல்ல அந்த ஓபி சீட்ட லேமினேட் பண்ணாம பத்திரமா வைங்க, லேமினேட் பண்ணா சிலர் வாங்க மாட்டாங்க. ஆஸ்பத்திரில அந்த ராத்திரி கேஷுவாலிட்டி நோட்டுல உங்க அப்பா பேர் ஏறியிருக்கும், அதுக்கு நகல் கேட்டு எழுத்துல மனு குடுங்க. வாய்ல கேட்டா வாய்லயே இல்லன்னுருவாங்க. மனுவுல பெறுகை கையெழுத்து வாங்குங்க. அப்புறம் உங்க விஏஓகிட்ட 'இங்க பதிவாகல'ன்னு சான்று, அதாவது படிவம் 10, அத வாங்குங்க. ரெண்டு எடத்துல பதிவாயிடக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் பயப்படுவாங்க, இந்தத் தாளப் பாத்தா பயம் போயிரும்.

காலம்: 21 நாளுக்குள்ள இலவசம். 21ல இருந்து 30 வரைக்கும் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள்ளன்னா மாவட்டப் பதிவாளர் இல்லன்னா அதுக்குன்னு அதிகாரம் குடுத்தவரோட எழுத்துபூர்வ அனுமதி வேணும். ஒரு வருஷம் தாண்டிட்டா ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் மட்டத்துல விசாரணை, உத்தரவுன்னு வேற கதை. நீங்க மூணாவதுல, அதாவது 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள்ளங்கற கட்டத்துல நிக்கறீங்க. ஐப்பசி வரைக்கும் டைம் இருக்கு, ஆனா ஆடி தாண்ட விட்டுறாதீங்க.

கரிசல்காரன்:
சார் ரொம்ப நன்றி, யாரும் இவ்வளவு தெளிவா சொல்லல. அனுமதிக்கு நோட்டரி அஃபிடவிட் வேணுமா? கம்ப்யூட்டர் சென்டர்ல அதுக்கே தனியா ஒரு ரேட்டு சொல்றாரு.

பழைய சானிடரி:
ஆமா, அஃபிடவிட் போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கணும்.

நாள்கணக்கு:
சார், இதுல ஒரு திருத்தம், கோச்சுக்காதீங்க. 2023ல சட்டத்த திருத்துனாங்கல்ல, அது அந்த வருஷம் அக்டோபர் 1ல இருந்து அமல்ல இருக்கு, அதுல 30 நாள் தாண்டின பதிவுக்கு நோட்டரி அஃபிடவிட்டுக்குப் பதிலா சுயசான்று போட்ட, அதாவது நாமளே கையெழுத்து போட்டு உறுதி சொன்ன ஆவணம் போதும்னு மாத்திட்டாங்க. நடைமுறைல இன்னமும் சில இடத்துல அஃபிடவிட் கேக்கறாங்கங்கறது வேற விஷயம், ஆனா கேக்கறப்ப 'புது சட்டத்துல இப்படி இருக்கே சார்'னு மெதுவா சொல்லிப் பாருங்க.

பழைய சானிடரி:
நாள்கணக்கு சொல்றது சரி. நான் ரிடையர் ஆனதுக்கு அப்புறம் வந்த மாத்தம், பழக்க தோஷத்துல எழுதிட்டேன். இன்னொன்னும் அதே திருத்தத்துல வந்திருக்கு தம்பி, பதிவாளர் முடியாதுன்னு சொன்னா 30 நாளுக்குள்ள மாவட்டப் பதிவாளர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். அதுக்கு அவர் முடியாதுன்னு எழுதிக் குடுக்கணும், அதனாலதான் மனு மனுன்னு அடிச்சுக்கறேன்.

நாள்கணக்கு:
உங்க ரெண்டாவது கேள்வி, ஏன் நடந்த இடம், ஏன் வீட்டு அட்ரஸ் இல்லன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் மக்கள்தொகைக் கணக்கு பக்கம் வேலை பாக்கறவன், எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி.

பிறப்பையே எடுத்துக்கங்க. நம்ம பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்ல. பொண்ணு கல்யாணம் ஆகிப் போனது ஒரு ஊர், வளைகாப்பு முடிஞ்சு வந்தது அம்மா ஊர், குழந்தை பொறந்தது அம்மா ஊருக்குப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரி. இப்ப அட்ரஸ் வச்சு பதிவுன்னா எந்த அட்ரஸ்? மாமியார் வீடா, அம்மா வீடா, வாடகைக்கு இருக்கற ஊரா? மூணு ஊர்லயும் போய்க் கேக்கலாம், மூணுலயும் பதிஞ்சும் வரலாம், ஒண்ணுலயும் பதியாமலும் போலாம். நடந்த இடம்னா அது ஒண்ணே ஒண்ணுதான், மாறாது, கண்ணால பாத்த ஆளும் அங்கதான் இருப்பாங்க. அதான் காரணம்.

அட்ரஸ அப்படியே விட்டுடவும் இல்ல. பிறப்புக்கு படிவம் 1, இறப்புக்கு படிவம் 2, குழந்தை இறந்தே பொறந்தா படிவம் 3. அந்தத் தாள்ல ரெண்டு பாகம் இருக்கும், சட்டப் பகுதின்னு ஒண்ணு, புள்ளியியல் பகுதின்னு ஒண்ணு. சட்டப் பகுதி பதிவாளர்கிட்டயே தங்கிரும், அதுதான் ரிஜிஸ்டர், உங்க சர்டிபிகேட் அதோட நகல். புள்ளியியல் பகுதிய தனியா பிரிச்சு மேல அனுப்பிருவாங்க, அதுல பேர் போகாது, வழக்கமா குடியிருந்த ஊர், வயசு, தொழில், அம்மாவோட படிப்பு இதெல்லாம் போகும். எந்த ஊர்க்காரங்க எத்தன பேர் இறந்தாங்கன்னு கணக்கு பாக்கறது அத வச்சுதான்.

இப்படி எல்லாரும் ஒழுங்கா பதிஞ்சா அரசாங்கத்துக்கு வேற கணக்கே வேணாம். ஆனா பதியறது இல்ல, பிறப்பாவது பரவால்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்கள்ல 89 சதவீதம் பேருக்குப் பதிவு ஆகியிருந்துச்சு, ஸ்கூல்ல சேக்கணும்ல, அதனால ஓடிப் போய் வாங்கிருவாங்க. இறப்பு அப்படி இல்ல. சொத்து இருக்கறவர் இறந்தா சர்டிபிகேட் வாங்க நாலு பேர் ஓடுவாங்க, எழுபது வயசுப் பாட்டி இறந்தா, பேர்ல ஒண்ணும் இல்லன்னா, எதுக்கு? பொறந்து மூணு நாள்ல போன குழந்தைக்கு பிறப்பு ஒண்ணு, இறப்பு ஒண்ணுன்னு ரெண்டு பதிவு போடணும், அந்த வீட்ல அப்ப யாருக்கு அதுக்குத் தெம்பு இருக்கும். அதனாலதான் 1969-70ல இருந்து மாதிரிப் பதிவு முறைன்னு தனியா ஒண்ணு ஓடுது, தேர்ந்தெடுத்த ஊர்கள்ல உள்ளூர் ஆள் ஒருத்தர் வருஷம் முழுக்க பிறப்பு இறப்பு எழுதிட்டே வருவாரு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வேற ஒருத்தர் வந்து வீடு வீடா தனியா கேட்டு எழுதுவாரு, ரெண்டு நோட்டையும் ஒத்துப் பாத்து, ஒத்து வராதத திரும்பப் போய் விசாரிப்பாங்க. நாட்டோட பிறப்பு விகிதம், சிசு மரண விகிதம்னு பேப்பர்ல வரதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சின்ன மாதிரில இருந்து வந்ததுதான், உங்க விஏஓ ரிஜிஸ்டர்ல இருந்து இல்ல.

ஜாலிபாய்:
அண்ணே பாடம் நல்லாருக்கு ஆனா அவருக்கு பட்டா மாத்தணும் 😄

நாள்கணக்கு:
நிறுத்திட்டேன் நிறுத்திட்டேன்.

மழைமேகம்:
கரிசல்காரன் அண்ணா, என் அனுபவத்துல இருந்து ஒண்ணே ஒண்ணு. பதியறதுக்கு முன்னாடி அந்தப் படிவத்துல பேர எழுத்து எழுத்தா நீங்களே படிச்சுப் பாருங்க. எங்க பொண்ணு பொறந்தப்ப அவர் பேர் 'சின்னச்சாமி', ஆஸ்பத்திரில 'சின்னசாமி'ன்னு எழுதிட்டாங்க, ஒரு 'ச்' தானேன்னு விட்டுட்டோம். குழந்தை பேரும் அப்ப வைக்கல, பேர் இல்லாமதான் பதிவாச்சு. பேர் சேக்கறது சுலபமா முடிஞ்சுது, ஒரு வருஷத்துக்குள்ளன்னா காசே கிடையாது, அதுக்கப்புறமும் 15 வருஷம் வரைக்கும் கட்டணம் கட்டி சேக்கலாம்னாங்க. ஆனா அந்த ஒத்த 'ச்'சுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே. திருத்தணும்னா ஏற்கனவே எழுதினத அழிக்க மாட்டாங்களாம், ஓரத்துல குறிப்பு எழுதி கையெழுத்தும் தேதியும் போடுவாங்களாம், அதுக்கு 'பொறந்த அன்னைக்கே இப்படித்தான் பேர் இருந்துச்சு'ன்னு பழைய ஆவணம் காட்டணும். அவரோட பத்தாவது மார்க் ஷீட்டு, எங்க கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்.

இனிஷியல் கதைய ஆரம்பிச்சா விடிஞ்சிரும். நமக்கு அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், ஃபார்ம்ல கடைசிப் பேர்னு ஒரு கட்டம், அதுல என்ன எழுதறதுன்னு வீட்டுக்கு வீடு ஒரு முடிவு.

பழைய சானிடரி:
மழைமேகம் அம்மா சொன்னது தங்கமான விஷயம். எங்க ஆபீஸ்ல பாதி மனு திருத்தத்துக்குதான் வரும். ரிஜிஸ்டர்ல ஓரக் குறிப்புதான், வெட்டி எழுதற அதிகாரம் பதிவாளருக்கே இல்ல. 1950, 60ல எழுதின பழைய ரிஜிஸ்டரப் பாத்திருக்கேன், மெட்ராஸ் மாகாணத்து 1899 சட்டம் இருந்த காலத்து நோட்டு, மைக்கூடு தொட்டு எழுதின எழுத்து, தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும், பேர் வரிசை கிடையாது, தேதி வரிசைதான். தேதி தெரியாம வந்தா வருஷம் வருஷமா தேடணும், அதுக்குத் தேடும் கட்டணம் தனி. 'ஆடி மாசம் மழை பேஞ்ச அன்னைக்குப் பொறந்தேன்'னு ஒரு தாத்தா சொன்னாரு. மூணு ஆடி தேடினேன். கிடைச்சுது, ஆனா பேர் இடத்துல 'ஆண் குழந்தை'ன்னு மட்டும் இருந்துச்சு.

இன்னொன்னு தம்பி, சர்டிபிகேட்ல இறப்புக்கான காரணம் வராது, வரக்கூடாதுன்னே சட்டத்துல இருக்கு. இன்சூரன்ஸ்காரன் காரணம் கேட்டான்னா டெத் சர்டிபிகேட்டோட சண்ட போடாதீங்க, அது வேற தாள். ஆஸ்பத்திரில இறந்தா படிவம் 4, வெளிய இறந்தா கடைசியா வைத்தியம் பாத்த டாக்டர் குடுக்கற 4ஏ. உங்க அப்பாவுக்கு இதய வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட இப்பவே பேசி வைங்க.

கரிசல்காரன்:
அப்டேட் போடறேன், பதினோரு நாள் கழிச்சு.

மனுவ எழுத்துல குடுத்ததுமே பேச்சு மாறிருச்சு. அதே கிளார்க்தான், பெறுகை முத்திரை கேட்டதும் நிமிந்து பாத்தாரு, உள்ள போய் ஆர்எம்ஓவ, அதான் ஆஸ்பத்திரி நிர்வாகம் பாக்கற டாக்டர, பாருன்னாரு. அவர் அந்த ராத்திரி நோட்ட எடுக்கச் சொன்னாரு. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு, 1.52ன்னு நேரம், அப்பா பேர், வயசு, எங்க ஊர் பேர், கொண்டு வந்தவர்னு என் பேர். என் கையெழுத்து கூட இருக்கு, போட்டது எனக்கு ஞாபகமே இல்ல, கோணல்மாணலா இருக்கு.

நகல் குடுத்துட்டாங்க. விஏஓவும் படிவம் 10 குடுத்துட்டாரு, 'முன்னாடியே கேட்டிருக்கலாமேப்பா'ங்கறாரு, என்ன சொல்ல. நகராட்சில பதிவாளர் ஃபைல வாங்கிக்கிட்டு அனுமதிக்கு மேல அனுப்பியிருக்காரு. அஃபிடவிட் கேட்டாங்க, நாள்கணக்கு அண்ணன் சொன்னத சொன்னேன், யார்கிட்டயோ போன்ல கேட்டுட்டு சரி சுயசான்று போட்டுக் குடுங்கன்னுட்டாங்க. கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் ரோட்ல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கறாரு.

அம்மாவ கூட்டிட்டுப் போயிருந்தேன். மழைமேகம் அக்கா சொன்ன மாதிரி ஃபார்ம எழுத்து எழுத்தா படிச்சேன், அப்பா பேர் சரி, அப்பாவோட அப்பா பேர் சரி, அம்மா பேர்ல ஒரு கால் விட்டுப் போயிருந்துச்சு. அம்மாதான் கண்ணாடியப் போட்டுக் கண்டுபுடிச்சாங்க.

மழைமேகம்:
அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க அண்ணா. அந்தத் தாளையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப அந்தக் கால் திரும்ப விட்டுப் போகும்.